டெண்டர் விளம்பரத்தில் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். மேலே துறையின் பெயர், நடுவில் 'ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு' (டெண்டர் அறிவிப்புதான்), அடியில் செ.ம.தொ.இ. என்று தொடங்கும் ஓர் எண். செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வந்த விளம்பரம் என்பதற்கு அந்த எண் அடையாளம். ஒப்பந்ததாரர்களைத் தவிர யாரும் அதைப் படிப்பதில்லை. உங்கள் தெருவில் சாலை போடுவது யார், எவ்வளவுக்கு என்பதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்றாலும் நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் என்ன விதிகள் இருக்கின்றன, சாதாரண ஆள் ஒருவர் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 'டெண்டர் என்றால் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை' என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். தவறில்லை. ஆனால் விலை என்பது கடைசியில் வரும் சங்கதி. அதற்கு முன்பே, எத்தனை நாள் கொடுத்தார்கள், யாரெல்லாம் கலந்துகொள்ளலாம் என்றார்கள் என்ற இரண்டு இடங்களில் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏலம் வேறு, டெண்டர் வேறு. ஏரியின் மீன்பாசிக் குத்தகையை ஏலம் விடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நின்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்கும் தொகை அடுத்தவர் காதில் விழுகிறது. அதன் மேல் ஏற்றிக் கேட்கலாம். டெண்டரில் ஒவ்வொருவரும் தன் விலையை மூடிய உறையில் ஒரே ஒரு முறை எழுதுகிறார். மற்றவர் என்ன எழுதினார் என்பது திறக்கும்வரை யாருக்கும் தெரியக் கூடாது. அரசு ஒன்றை வாங்குகிறது அல்லது வேலை செய்யச் சொல்கிறது என்றால் குறைந்த விலைக்கு முதலிடம். அரசு தன் இடத்தை வாடகைக்கோ உரிமத்துக்கோ விடுகிறது என்றால் அதிகத் தொகைக்கு முதலிடம். பேருந்து நிலையக் கடைகள், வாரச்சந்தை வசூல் உரிமை எல்லாம் இந்த இரண்டாவது வகை.

இதற்கெனத் தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் விதிகள் 2000இல் வந்தன. கர்நாடகம் 1999ஆம் ஆண்டுச் சட்டமாக இதுபோல ஒன்றை இயற்றியது. ராஜஸ்தான் 2012இல் இயற்றியது. வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசுக்கு இன்றுவரை இப்படியொரு சட்டம் இல்லை. 2012இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. அந்த அவையின் ஆயுள் 2014இல் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. டெல்லியில் எல்லாம் பொது நிதி விதிகள், ஊழலைக் கண்காணிக்கும் மத்திய கண்காணிப்பு ஆணையத்தின் சுற்றறிக்கைகள் என்றுதான் ஓடுகிறது.

தமிழ்நாட்டுச் சட்டம் அரசுத் துறைகளோடு நிற்பதில்லை. பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள், கூட்டுறவு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குள் வருகின்றன. இவர்கள் எதை வாங்கினாலும், எந்த வேலையைக் கொடுத்தாலும் டெண்டர் மூலமாகத்தான் செய்ய வேண்டும் என்பது பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நாள் கணக்கு

அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவே குறைந்தபட்ச அவகாசம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாள். அதற்கு மேல் போனால் 30 நாள். இந்த நாள்களை எங்கிருந்து எண்ணுவது? பத்திரிகையில் விளம்பரம் வந்த நாளிலிருந்து அல்ல. டெண்டருக்கென்றே மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் டெண்டர் இதழ்கள் உண்டு; அறிவிப்பு அதில் வெளியான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஏன் இவ்வளவு நாள்? டெண்டர் போடுவது என்றால் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்திடுவது மட்டுமல்ல. வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஜல்லியும் மணலும் எங்கிருந்து வரும், லாரி வாடகை என்ன என்று விசாரிக்க வேண்டும். வங்கியில் உத்தரவாதம் வாங்க வேண்டும். முன்பு செய்த வேலைகளுக்கான சான்றிதழ்களை அந்தந்த அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும், அது எவ்வளவு விரைவாகக் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் 5 நாளில் முடிக்கக்கூடியவர் ஒருவர்தான்: டெண்டர் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்.

சரி, உண்மையிலேயே அவசரம் என்றால்? குறுகிய கால டெண்டர் விடலாம். ஆனால் டெண்டர் கோரும் அதிகாரி தானாக நாளைக் குறைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு மேலே உள்ள அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, அனுமதி கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் கோப்பில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடியப்போகும் மார்ச் மாதத்தில் 'நிதி திரும்பிப் போய்விடும்' என்ற காரணம் எழுதப்பட்டிருந்தால், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மார்ச் வரும் என்று ஏப்ரலிலேயே எல்லோருக்கும் தெரியும்.

நாளோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் 2ஜி அலைக்கற்றை உரிமங்கள். அது டெண்டர் அல்ல. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை. ஆனால் அறிவிப்பு என்ற விஷயத்தில் பாடம் ஒன்றுதான். 2007 அக்டோபர் 1 வரை விண்ணப்பங்கள் பெறப்படும் என்று அறிவித்தார்கள். பிறகு 2008 ஜனவரி 10 அன்று, செப்டம்பர் 25 வரை வந்தவை மட்டுமே பரிசீலிக்கப்படும் என்று செய்திக்குறிப்பு வந்தது. அதே நாள் பிற்பகல் 3.30 மணிக்கு நிறுவனங்களின் பிரதிநிதிகள் வந்து சேர வேண்டும் என்று இன்னொரு குறிப்பு. நம்பி விண்ணப்பித்தவர்கள் பலர் கடைசி நாள் பின்னோக்கி நகர்ந்ததால் வெளியே நின்றார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. குற்ற வழக்கு தனிக் கதை. அதில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. யாரும் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வரலாம், ஆனாலும் நடைமுறை செல்லாது என்று ஆகலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை இந்த ஒரு விவகாரமே காட்டிவிடுகிறது.

யார் வரலாம், யார் வரக் கூடாது

என் அனுபவத்தில் டெண்டர் ஆவணத்தில் அதிகம் சொல்லும் பக்கம் தகுதி நிபந்தனைப் பக்கம்தான். விலையில் தில்லுமுல்லு செய்தால் கணக்கில் தெரிந்துவிடும். தகுதியில் செய்தால் அது நிர்வாகத்தின் அக்கறை போலத் தோன்றும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு பேரூராட்சி 60 லட்சம் ரூபாயில் சிமென்ட் சாலை போட டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமே இல்லாதவர் வந்து வேலையைக் கெடுத்துவிடக் கூடாது. அதனால் நிபந்தனை தேவைதான். எவ்வளவு நிபந்தனை? மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002இல் கொடுத்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும். கடந்த 3 ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல், அதாவது ஓராண்டில் நடந்த மொத்த வியாபாரம், வேலை மதிப்பில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். அதேபோன்ற வேலையை முன்பு செய்திருக்க வேண்டும்: மதிப்பில் 40 சதவீத அளவில் மூன்று வேலைகள், அல்லது 50 சதவீத அளவில் இரண்டு, அல்லது 80 சதவீத அளவில் ஒன்று. நம் சாலைக்குப் போட்டுப் பார்த்தால் விற்றுமுதல் 18 லட்சம்; முன் அனுபவம் 24 லட்சத்தில் மூன்று வேலைகள், அல்லது 30 லட்சத்தில் இரண்டு, அல்லது 48 லட்சத்தில் ஒன்று. அது மத்திய அமைப்புகளுக்கான வழிகாட்டுதல், பேரூராட்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எது நியாயம் என்று மதிப்பிட உதவும். இந்த 60 லட்சம் சாலைக்கு 5 கோடி விற்றுமுதல் வேண்டும் என்று கேட்டிருந்தால், யாருக்காக அந்த எண் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகவும் செய்வார்கள். கலவை இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும், அதுவும் வேலை இடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கான்கிரீட் கெட்டிப்படும் நேரத்தை வைத்துப் பார்த்தால் தூரக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கலாம். அந்தச் சுற்றளவில் ஒரே ஒருவரிடம்தான் இயந்திரம் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். பொருள் வாங்கும் டெண்டரில் குறிப்பிட்ட நிறுவனத்தின் மாடலில் மட்டும் உள்ள அம்சங்களை வரிசையாக எழுதிவிடுவார்கள். பிராண்ட் பெயர் எங்கும் இருக்காது, ஆனால் படித்தால் ஆள் தெரியும். பிராண்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்ப்பதுதான் முறை.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். கடுமையான நிபந்தனையைப் போட்டுவிட்டு, வேண்டியவருக்கு மட்டும் அதைத் தளர்த்துவது. இதைப் பற்றிய முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1979இல் வந்தது. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் விட்டார்கள். குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு உணவகக்காரர்கள் மட்டுமே வரலாம் என்பது நிபந்தனை. அதிகத் தொகை கேட்டவருக்கு நிறுவனங்களில் கேன்டீன் நடத்திய அனுபவம் நிறைய இருந்தது. ஆனால் அவர் அந்தப் பதிவு பெற்ற உணவகக்காரர் அல்ல. விமான நிலைய ஆணையம் அவருக்கே கொடுத்தது. ரமணா தயாராம் ஷெட்டி என்பவர் தொடுத்த வழக்கில் நீதிபதி பி.என்.பகவதி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: அரசு அமைப்பு தானே வெளியிட்ட நிபந்தனைக்குத் தானே கட்டுப்பட்டது. தளர்த்துவோம் என்று முன்பே சொல்லியிருந்தால் இன்னும் பலர் போட்டிக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது, அது அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு எதிரானது. இவ்வளவும் சொன்ன நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. ஷெட்டி தாமதமாக வந்தார், அவருக்கே அந்தத் தகுதி இல்லை, கடை நடத்தியவர் அதற்குள் பணம் போட்டுவிட்டார் என்று பல காரணங்கள். கொள்கை வென்றது, வழக்குப் போட்டவர் தோற்றார். டெண்டர் வழக்குகளில் இது அடிக்கடி நடப்பது.

உறைக்குள் என்ன

முன்வைப்புத் தொகை என்று ஒன்று கட்ட வேண்டும். ஒப்பந்ததாரர்கள் இஎம்டி என்பார்கள். விளையாட்டுக்கு வருபவர்களைத் தள்ளி நிறுத்தத்தான் இது. தமிழ்நாட்டு விதிப்படி சாதாரணமாக மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் 60 லட்சம் சாலைக்கு 60,000 ரூபாய். வேலை கிடைக்காதவர்களுக்கு இது திரும்ப வரும். வேலை கிடைத்த பிறகு பின்வாங்கினால் போய்விடும். வேலை எடுத்தவர் அப்புறம் தனியாகப் பாதுகாப்பு வைப்புத்தொகை கட்ட வேண்டும். அதற்கு 5 சதவீதம் என்பது வழக்கமான உச்சம்.

பெரிய வேலைகளுக்கு இரண்டு உறை முறை. முதல் உறையில் தகுதிச் சான்றுகளும் தொழில்நுட்ப விவரங்களும், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறக்க வேண்டும். இதன் நியாயம் எளிது: விலை தெரிந்த பிறகு தகுதியை ஆராய்ந்தால், அந்த ஆராய்ச்சியில் விலையின் வாசம் வந்துவிடும்.

கட்டுமான வேலைகளில் பல இடங்களில் சதவீதக் கணக்கில் விலை சொல்வார்கள். அரசின் விலைப்பட்டியலை வைத்துப் பொறியாளர் எஸ்டிமேட் போட்டிருப்பார். ஒருவர் 4.5 சதவீதம் குறைத்துக் கேட்டால் நம் சாலை 57.3 லட்சம், இன்னொருவர் 1.2 சதவீதம் கூட்டிக் கேட்டால் 60.72 லட்சம். குறைவாகக் கேட்டவர் எல்1. ரொம்பவும் குறைத்துக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டாம். 25, 30 சதவீதம் குறைத்து எடுப்பவர் சிமென்ட்டில் கை வைக்காமல் எப்படி முடிப்பார்? அதனால்தான் அப்படிப்பட்டவர்களிடம் கூடுதல் வைப்புத்தொகை கேட்கிறார்கள்.

எல்1 விலையே சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால் பேரம் பேசலாம், ஆனால் எல்1 ஆளுடன் மட்டும். இரண்டாமவரைக் கூப்பிட்டு 'நீங்கள் இன்னும் குறைப்பீர்களா' என்று கேட்டால் மூடிய உறைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். இதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஒரு சலுகை உண்டு. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, எல்1 விலைக்கு 15 சதவீதத்துக்குள் கேட்ட சிறு, குறு நிறுவனம் அந்த எல்1 விலைக்கே இறங்கி வந்தால் ஒரு பங்கு ஆர்டரைப் பெறலாம். முன்கூட்டியே எழுதி வைத்த சலுகை என்பதால் இதில் யாரும் ஏமாற்றப்படுவதில்லை.

முன்பெல்லாம் அலுவலக வராந்தாவில் பூட்டிய டெண்டர் பெட்டி இருக்கும். கடைசி நாளன்று வாசலில் ஆட்கள் நின்று, வெளியூர்க்காரர் உறையைப் போடவிடாமல் தடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான். விலை பூட்டப்பட்ட நிலையில் சேமிக்கப்பட்டு, குறித்த நேரத்துக்குப் பிறகே திறக்கிறது. வாசலில் ஆள் நிறுத்தும் வேலை ஒழிந்தது. கூடிப் பேசி விலை வைக்கும் சிண்டிகேட் ஒழியவில்லை. 'இந்த முறை நீ, அடுத்த முறை நான்' என்று நான்கு பேர் பேசிக்கொண்டு, மூன்று பேர் வேண்டுமென்றே கூட்டிக் கேட்டால், காகிதத்தில் போட்டி நடந்தது போலவே இருக்கும். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம், கூட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டின் லாபத்தைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். போட்டியாளர்களின் மனுக்கள் ஒரே கணினியிலிருந்து வந்திருப்பது, ஒரே எழுத்துப்பிழை எல்லோர் ஆவணத்திலும் இருப்பது, வங்கி வரைவோலைகள் அடுத்தடுத்த எண்களில் இருப்பது போன்றவைதான் பொதுவாகச் சிக்க வைக்கும் தடயங்கள்.

டெண்டர் இல்லாமலும் வாங்கலாம்

விதிவிலக்குகள் சட்டத்தின் 16ஆவது பிரிவில் உள்ளன. இயற்கைப் பேரிடர், அரசு அறிவிக்கும் அவசர நிலை, ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள், குறிப்பிட்ட தொகைக்குக் கீழான சிறு கொள்முதல் போன்றவை. வெள்ளத்தில் பாலம் போய்விட்டால் 30 நாள் காத்திருக்க முடியாது, சரிதான். தொல்லை வருவது 'சிறு கொள்முதல்' என்ற வாசலில். ஒரே சாலையை நான்கு துண்டாக்கி நான்கு எஸ்டிமேட் போட்டால், ஒவ்வொன்றும் சிறியதாகிவிடும். மேலதிகாரியின் ஒப்புதலும் நீண்ட அவகாசமும் தேவைப்படாது. ஒரே தெருப் பெயர், ஒரே தேதி, அடுத்தடுத்த எண்களில் பல வேலைகள் என்று அறிவிப்பில் பார்த்தால் கூட்டிப் பாருங்கள்.

முடிவு எடுத்த பிறகும் அறிவிக்கும் கடமை முடிவதில்லை. யாருடைய டெண்டர் ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது என்ன காரணத்துக்காகத் தள்ளப்பட்டது என்பதை டெண்டர் இதழுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 10ஆவது பிரிவு. தோற்றவர் அந்த உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம். ஆனால் 1994ஆம் ஆண்டு டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் ஓர் எல்லையில் நிற்கின்றன: முடிவு எடுத்த விதம் சரியா என்று பார்ப்போம், எந்த நிறுவனம் சிறந்தது என்று நாங்கள் தேர்ந்தெடுக்க மாட்டோம். வேலை தொடங்கிவிட்டால் தடை வாங்குவது இன்னும் கடினம்.

டெண்டரே போடாத உங்களுக்கும் எனக்கும் இந்த மேல்முறையீடு கிடையாது. நமக்கு இருப்பது தகவல் உரிமைச் சட்டம். வேலை கொடுக்கப்பட்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் தடையில்லை. டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போது போட்டியாளரின் விலையைக் கேட்டால் வணிக ரகசியம் என்று மறுப்பார்கள், அது நியாயமும்கூட. 'முறைகேடு நடந்ததா' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதிலே வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டெண்டர் இதழில் அறிவிப்பு வெளியான பக்கத்தின் நகல், நாள் குறைக்கப்பட்டிருந்தால் அதற்கு மேலதிகாரி கொடுத்த எழுத்து அனுமதி, தொழில்நுட்ப உறையில் தள்ளப்பட்டவர்களின் பட்டியலும் காரணமும், விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மிச்சக் கேள்விகள் தானாகவே வரும்.